பறப்பதைப் படம்பிடித்தவர் எங்கே நின்றார்?

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குச் செல்லும் வழி, மலைநாட்டு வழிகளுள் ஒரு தனிச் சுவை உடையது. கொழும்புக் கோட்டையிலே புறப்படும் புகையிரதம், 1924ஆம் ஆண்டு தொட்டுப் பதுளையிலே தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கின்றது. அதற்கப்பால் இருப்புப் பாதை இல்லை. பஸ் வண்டியே கதி. பசறையை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் வீதியில், யன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு ஒரு வேடிக்கை இலவசமாகக் கிடைக்கும். வீதியோரத்துத் தேயிலைச் செடிகளும் சவுக்கு மரங்களும் அம்பு போலப் பின்னோக்கிப் பாயும். சற்றுத் தூரத்திலுள்ள லயங்கள் மெல்ல நகரும். 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுலை மலையோ, நம்மோடு கூடவே பயணஞ் செய்வது போலத் தோன்றும். இவ்வேடிக்கையை வாசகர் சற்றே நினைவில் வைத்திருப்பாராக. பின்னர் அது நமக்குப் பயன்படும்.

பசறையைத் தாண்டி, லுணுகலை வீதியிற் சென்று, கிளைவீதியொன்றில் திரும்பியதும் ஏற்றம் தொடங்குகின்றது. காற்றில் குளிர் ஏறும்; மூடுபனி வந்து கன்னத்தைத் தொடும். மடுல்சீமைக் கடைத்தெரு சிறியது. சில கடைகள், ஒரு தேநீர்ச்சாலை, சுற்றிலும் தேயிலை. ஊரின் பெயரிலே ‘சீமை’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பினும், சீமைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களிலும் பார்க்க, உழைப்பாளரின் லயக் காம்பிராக்களே இங்கு மிகுதி. விடியற்காலையில் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண்களைக் கண்டபின், இவ்வூரின் உண்மைச் செல்வம் எது என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மலையின் விளிம்பிலே

மடுல்சீமைக்கு இன்று வெளியூரார் பலரும் வருவதற்குக் காரணம், இங்குள்ள ‘சிறிய உலக முடிவு’ ஆகும். ஹோட்டன் சமவெளியிலுள்ள உலக முடிவை அறியாதார் இலர். அதன் தங்கை போன்றது இது. தேயிலை மலைகளைக் கடந்து, பத்தனைப் புல்வெளியிலே நடந்து சென்றால், நிலம் திடீரென்று முடிந்துவிடுகின்றது. காலடியிலே செங்குத்தான பள்ளம். அதன் அடியிலே காடும் வயலும் நீர்நிலைகளுமாய் மகியங்கனைப் பக்கத்துச் சமவெளி பாய் விரித்தாற்போலப் பரந்து கிடக்கின்றது. காலை வேளையில் அச்சமவெளியை வெண்மேகம் மூடிவிடும்போது, கடற்கரையில் நிற்பதாகவே உள்ளம் மயங்கும்.

சென்ற ஆவணி விடுமுறையிலே, மேல்வகுப்பு மாணவர் பன்னிருவருடன் அவ்விடத்துக்குச் சென்றிருந்தோம். அவருள் ஐவர் தோட்டப்புறப் பிள்ளைகள். காற்று வலுவாக வீசியது. விளிம்பிலிருந்து பல அடி தள்ளி, புல்லின்மீது அமர்ந்திருந்தோம். அப்பொழுது பள்ளத்தினின்றும் மேலெழும் காற்றிலே சிறகை அசைக்காது ஒரு பருந்து மிதந்து சென்றது. அது எங்களுக்குக் கீழே பறந்தது. பருந்தின் வயிற்றையே கண்டு பழகிய கண்களுக்கு, அதன் முதுகும் விரிந்த சிறகின் மேற்புறமும் தெரிந்தமை பெரும் புதுமையாயிற்று.

எல்லோரும் வாய்மூடிப் பார்த்திருக்க, ஒரு மாணவன் மட்டும் கேட்டான்:

“சேர், சினிமாவிலே ஆகாய விமானத்தின் முதுகையும் இப்படித்தானே காட்டுகிறார்கள்? அந்தப் படத்தை எடுத்தவர் எந்த மலையிலே நின்றார்?”

சிலர் நகைத்தனர். ஆயினும் அது நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று. படத்தைப் பார்ப்பவர் கோடிப்பேர். படத்தை எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேட்பவர் மிகச் சிலர். அவ்வினாவுக்கு அம்மலையிலேயே விடை கூறத் தொடங்கினேன். அன்று கூறியவற்றையும், பின்னர் வகுப்பறையில் விரித்துரைத்தவற்றையும் தொகுத்து இங்கே எழுதுகின்றேன்.

மலையில் நிற்பவரும் உளர்

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மாணவன் எண்ணியது முற்றிலும் வெறுங்கற்பனை அன்று. மலையில் நின்று விமானத்தின் முதுகைப் படம்பிடிப்பவர் உலகில் உண்மையாகவே இருக்கின்றனர். பிரித்தானியாவிலுள்ள வேல்ஸ் நாட்டில், ‘மாக் லூப்’ என வழங்கும் ஒரு பள்ளத்தாக்குத் தொடர் உண்டு. போர்விமானிகள் தாழப் பறந்து பயிலும் இடம் அது. அங்கே மலைச்சரிவுகளில் கமராவுடன் காத்திருப்போரின் கண்ணுக்குக் கீழாகவே ஜெட் விமானங்கள் சீறிச் செல்லும். விமானியின் தலைக்கவசம்கூட அப்படங்களில் தெளிவாகத் தெரியும்.

எனினும், மலையில் நிற்பவருக்கு விமானம் சில விநாடிகளே அகப்படும். மணிக்கு 600 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம், ஒரு விநாடியில் ஏறக்குறைய 167 மீற்றரைக் கடந்துவிடும். அது மேகத்தினூடே நெடுநேரம் நீந்துவதையும், மெல்லச் சாய்ந்து திரும்புவதையும், நம்மை நோக்கி அருகே வருவதையும் காட்ட வேண்டுமாயின், நிலத்தில் நிற்பவரால் இயலாது. பறப்பதைப் படம்பிடிக்க, படம்பிடிப்பவரும் பறக்கவே வேண்டும்.

வானிலே ஒரு துணை

ஆகவே, வெண்திரையிலே தனியாகப் பறப்பதாகத் தோன்றும் விமானம் உண்மையில் தனியாகப் பறப்பதில்லை. அதனருகே இன்னொரு விமானமோ ஹெலிகொப்டரோ கமராவைச் சுமந்துகொண்டு பறக்கின்றது. விளக்கத்தின் பொருட்டு, படத்தில் தோன்றுவதை நாயக விமானம் என்றும், படம்பிடிப்பதைக் கமரா விமானம் என்றும் அழைப்போம்.

இரண்டும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்திற் பறத்தல் வேண்டும். இரண்டும் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். கமரா விமானத்தில் இருப்பவருக்கு, நாயக விமானம் வானில் கட்டிய தொட்டில் போல அசைந்தாடி அங்கேயே நிற்கும். கமரா விமானம் 5 கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்தால், நாயக விமானம் மனிதன் நடக்கும் வேகத்தில் மெல்ல முன்னே செல்லும். இதுவே நாம் திரையிற் காணும் கம்பீரமான காட்சி. மாறாக, இரண்டும் எதிரெதிரே வந்தால், அவற்றின் வேகங்கள் கூடி 600 ஆகிவிடும். பத்து மீற்றர் நீளமான விமானம் தன் நீளத்தைக் கடக்க ஒரு விநாடியின் நூறிலொரு கூறுகளில் ஆறு போதும். விநாடிக்கு 24 படம் எடுக்கும் சினிமாக் கமராவில் அது இரண்டு படங்களிற்கூடச் செம்மையாகப் பதியாது.

இக்கூட்டுப் பறப்பில் தலைமை பெரும்பாலும் கமரா விமானத்துக்கே உரியது. நாயக விமானத்தின் விமானி, வேறெங்கும் நோக்காது, அத்தலைமையையே கண்கொட்டாது பார்த்துத் தன் இடத்தைக் காத்துக்கொள்கின்றான். புறப்படுமுன் எல்லோரும் தரையிலே கூடி, ஒவ்வொரு திருப்பத்தையும் கைகளாற் காட்டிப் பேசி முடிவுசெய்வர். ஒருவரை ஒருவர் காணாது போனால் யார் எந்தப் பக்கம் விலகுவது என்பதும் முன்னரே வகுக்கப்படும். வானில் அதனை யோசிக்க நேரம் இல்லை.

வேகப் பொருத்தமும் எளிதன்று. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறைந்த வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே சென்றால் சிறகு அதனைத் தாங்காது. ஆதலின், பழைய இரட்டைச் சிறகு விமானத்தை ஜெட் விமானத்திலிருந்து படம்பிடித்தல், தவழும் குழந்தையோடு குதிரைக்காரன் சேர்ந்து செல்ல முயல்வது போலாகும்.

மேகம் இன்றேல் வேகம் இல்லை

பசறை வீதியிலே கண்ட வேடிக்கையை இப்பொழுது நினைவுகூர்வோம். பஸ் வண்டியின் வேகத்தை நமக்கு உணர்த்தியவை எவை? அருகே பின்னோடிய தேயிலைச் செடிகளே. நமுனுகுலை மலையை மட்டும் பார்த்திருந்தால், வண்டி நகர்கின்றதா நிற்கின்றதா என்றே ஐயுற்றிருப்போம். வானிலும் இதே கதைதான். முகிலற்ற நீலவானத்தில் ஒரு விமானத்தை மற்றொரு விமானத்திலிருந்து படம்பிடித்தால், அது நூலிலே கட்டித் தொங்கவிட்ட பொம்மை போலக் காணப்படும். மேகமோ மலையோ நிலமோ பின்னே ஓடும்போதுதான் அது பறப்பதாக நம் கண் ஒப்புக்கொள்ளும்.

இவ்வுண்மையை ஹொலிவூட்டார் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டனர். முதலாம் உலகப் போரில் விமானியாயிருந்த வில்லியம் வெல்மன் என்பவர், 1927இல் வெளிவந்த ‘விங்ஸ்’ என்னும் ஊமைப் படத்தை இயக்கினார். முதலாவது ஒஸ்கார் விழாவிலே மிகச் சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றது அதுவே. அதன் ஆகாயப் போர்க் காட்சிகளை டெக்சஸ் மாநிலத்திலே எடுத்தபோது, வெயில் நன்றாயிருந்த நாட்களிலும் அவர் கமராவை இயக்க மறுத்து, மேகத்துக்காகக் காத்திருந்தார். முதலாளிமார் பொறுமையிழந்தனர், அவர் இணங்கினாரில்லை. 1930இல் வெளிவந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தை எடுத்த ஹவார்ட் ஹியூஸ் என்னும் செல்வரும் அவ்வாறே, விமானங்களையும் விமானிகளையும் கூலிகொடுத்து நிறுத்திவைத்து, மேகம் திரளும் நாளுக்காகக் காத்துக் கிடந்தார்.

மடுல்சீமை விளிம்பில் அன்று நாங்கள் கண்டதும் இதுவே. பருந்து தெளிந்த வானத்தின் முன்னே மிதந்தபோது நின்றது போலிருந்தது. கீழே இறங்கி மலைச்சரிவின் முன்னே சென்றபோது அதன் வேகம் கண்ணைப் பறித்தது. பருந்து ஒன்றே, மாறியது பின்னணி மட்டுமே.

கமராவின் இருப்பிடம்

முற்காலத்தில் கமராக்காரர் கதவைக் கழற்றிவிட்ட விமானத்தில், இடுப்பிலே பட்டி கட்டிக்கொண்டு, குளிரிலும் காற்றிலும் அமர்ந்து படம்பிடித்தனர். 1969இல் வெளிவந்த ‘பற்றில் ஒவ் பிரிட்டன்’ படத்துக்கு, பழைய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்று கமரா விமானமாக்கப்பட்டது. அதன் உடலெங்கும் பல நிறங்களைக் கண்கூசும்படி பூசியிருந்தனர். அழகுக்காக அன்று, சுழன்று சுழன்று போரிடுவதாக நடித்த விமானிகள், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் கமரா விமானம் எது, அது எப்பக்கம் திரும்புகின்றது என்பதை உடனே அறிதற்பொருட்டே.

நடுக்கம் மற்றொரு பகை. இயந்திரத்தின் அதிர்வு கமராவுக்குச் சென்றால் படம் நடுநடுங்கும். 1960களில் அமெரிக்கரான நெல்சன் டைலர் ஹெலிகொப்டரில் கமராவை அதிர்வின்றித் தாங்கும் ஒரு தாங்கியை அமைத்தார். பின்னர், சுழல்காட்டியின் தத்துவத்தைக் கொண்டு, விமானம் எவ்வளவு ஆடினும் தான் ஆடாத உருண்டைக் கூண்டுகள் வந்தன. கமராக்காரர் உள்ளே அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே வெளியிலுள்ள கமராவைத் திருப்புவார். கிளே லேசி என்னும் விமானி, சிறிய லியர்ஜெட் விமானத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் நீர்மூழ்கிக் கப்பலிலுள்ளது போன்ற பெரிஸ்கோப்புகளைப் பொருத்திப் படம்பிடித்தார். 1986இல் உலகெங்கும் ஓடிய ‘டொப் கன்’ படத்தின் வான்காட்சிகளில் அவ்விமானத்துக்குப் பெரும் பங்குண்டு.

மாணவர் விரும்பத்தக்க வேறொரு விநோதமும் உண்டு. படத்திலே விமானத்தின் சுழல்விசிறி சிலவேளை நின்றுவிட்டது போலவும், சிலவேளை பின்னோக்கிச் சுழல்வது போலவும் காணப்படுவதைக் கண்டிருப்பீர்கள். சினிமாக் கமரா விநாடிக்கு 24 படம் எடுக்கின்றது. விசிறி நிமிடத்துக்கு 1,440 தடவை சுழல்வதாயின், விநாடிக்கு 24 சுற்று ஆகின்றது. ஒவ்வொரு படத்திலும் இதழ் அதே இடத்தில் அகப்படும். ஆதலின் நிற்பது போலத் தோன்றும். வேகம் சற்றுக் குறைந்தால், ஒவ்வொரு படத்திலும் இதழ் சிறிது பின்தங்கும். ஆதலின் பின்னோக்கிச் சுழலும். இன்றைய கைத்தொலைபேசிக் கமராவிலே இதே விசிறி வாழைப்பழம் போல வளைந்து தெரியும். அக்கமரா ஒரு படத்தை முழுவதும் ஒரே கணத்தில் எடுக்காது, வரிவரியாக எடுப்பதே காரணம். வீட்டிலுள்ள மின்விசிறியைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

விமானத்தின் உள்ளே இருப்பவரின் முகத்தைக் காட்டும் வகை வேறு. நம் பழைய படங்களிலே, ஸ்ரூடியோவில் ஓர் ஆசனத்தை வைத்து, பின்னே திரையில் மேகத்தை ஓடவிட்டு, ஆசனத்தை இருவர் மெல்ல ஆட்டிவிட, கதாநாயகன் உலகைச் சுற்றிவருவான்! ஆனால் ‘விங்ஸ்’ படத்திலே நடிகர்கள் உண்மையாகவே வானில் இருந்தனர். கமராக்காரர் உட்காருவதற்கு இடமில்லாமையால், தம் முன்னே பொருத்திய கமராவைத் தாமே இயக்கி, தாமே நடித்தனர். 95 ஆண்டுகளின் பின்னர், 2022இல் வெளிவந்த ‘டொப் கன்: மவரிக்’ படத்திலும் அதே முறை திரும்பி வந்தது. ஜெட் விமானத்தின் விமானியறையில் ஆறு கமராக்களைப் பொருத்தினர். பின் ஆசனத்தில் அமர்ந்த நடிகரே அவற்றை இயக்கினார். கருவி எவ்வளவோ மாறிவிட்டது. ஆயினும் அங்கே ஒரு மனிதர் இருந்தேயாக வேண்டும் என்னும் நிலை மாறவில்லை.

நமது தீவின் வானிலே

ஹொலிவூட் கதை போதும். மடுல்சீமை விளிம்பிலே நின்று கிழக்கே நோக்கினால், சமவெளிக்கும் அப்பால் மட்டக்களப்புக் கடல் இருக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையை யப்பானிய விமானங்கள் தாக்கிய அதே நாளில், ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அக்கடலிலேதான் மூழ்கடிக்கப்பட்டது. எரிந்து மூழ்கும் அக்கப்பலின் படம் இன்றும் சரித்திர நூல்களிலே காணப்படுகின்றது. அதனை எடுத்தவர் எங்கே நின்றார்? கப்பலைத் தாக்க வந்த யப்பானிய விமானத்திலே! அப்போரிலே துப்பாக்கியோடு கமராவையும் இணைத்து, விசையை அழுத்தியதும் சுடுவதும் படம்பிடிப்பதும் ஒருங்கே நிகழும்படி செய்திருந்தனர். அக்காலத்து ஆகாயப் போரைக் காட்டும் மெய்ப்படங்கள் பல அவ்வாறு பதிந்தவையே. எடுத்தவர் யார் என்று அறிந்தபின், அதே படம் நமக்கு வேறு படமாகிவிடுகின்றது.

இன்னொரு படத்தொகுதி நம் மலைகளுக்கு மிக அண்மையது. 1956ஆம் ஆண்டில், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியால், இலங்கை வானிலிருந்து படம்பிடிக்கப்பட்டது. அங்கே நாயகன் விமானம் அன்று, நிலமே நாயகன். விமானம் நேர்கோட்டில், ஒரே உயரத்தில் பறந்து, நிலத்தை நேர்கீழாகப் படம்பிடிக்கும். ஒரு படத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 வீதம் அடுத்த படத்திலும் வரும்படி அமைப்பதே அத்துறையின் வழக்கம். அவ்விரு படங்களையும் ஒருங்கே இரு கண்களாலும் நோக்கினால், மலை மேடாகவும் ஓடை பள்ளமாகவும் எழுந்து நிற்கும். அதனைக்கொண்டே தேசப்படங்கள் வரையப்படுகின்றன. இக்கலையைப் பயில நம்மவர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவகம் நமது பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையிலேயே இருக்கின்றது.

1956ஆம் ஆண்டுப் படங்களின் அளவு நாற்பதாயிரத்தில் ஒன்று. படத்தில் ஒரு மில்லிமீற்றர், நிலத்திலே 40 மீற்றர். ஆகவே ஒரு லயம் முழுவதும் பென்சில் முனையால் இட்ட சிறு கோடளவே தெரியும். தேயிலை நிலம் தெரியும். தோட்டத்துப் பாதை தெரியும். கொழுந்து பறிக்கும் கை தெரியாது. தோட்டப் பிள்ளைகள் ஐவரும் இதனைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தனர். பின்னர் ஒருத்தி, “எங்கள் பாட்டி அந்தப் படத்திலே இருந்திருப்பார், சேர், ஆனால் தெரியமாட்டார்” என்றாள். உயரம் பலவற்றைக் காட்டும். பலவற்றை மறைக்கவும் செய்யும் என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது.

மேகத்தின் மறுபக்கம்

படத்துக்கு உயிர் கொடுக்கும் மேகமும் மலையும், பறப்பவனுக்கு உயிர்ப்பகையும் ஆகும். இதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது. 1930ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், ஒரு சினிமாவுக்காகப் பறந்த இரு கமரா விமானங்கள் ஒன்றோடொன்று மோதிக் கடலில் வீழ்ந்தன. அப்படத்தின் இயக்குநர் கெனத் ஹோக்ஸ் உட்படப் பத்துப்பேர் மாண்டனர். ‘டொப் கன்’ படத்துக்காகச் சுழன்று வீழும் காட்சியை எடுக்கச் சென்ற ஆர்ட் ஷோல் என்னும் தேர்ந்த விமானி, 1985 செப்டெம்பர் 16இல் கடலில் வீழ்ந்தார். அவரது உடலோ விமானமோ கிடைக்கவில்லை. அப்படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

நமது மலைகளும் துயரத்தை அறிந்தவையே. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி, ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்த மார்ட்டின் எயார் விமானம், கொழும்பில் இறங்குவதற்கு முன்னர் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தனர். 2020 ஜனவரி 3ஆம் திகதி, வீரவிலையிலிருந்து வான்வழி அவதானிப்புக்காகப் புறப்பட்ட விமானப்படையின் வை-12 விமானம், நமது ஊவாவின் அப்புத்தளையிலே வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் உயிர் துறந்தனர். வானிலிருந்து நோக்கும் கண்ணுக்கு நாம் கொடுக்கும் விலை சிலவேளை அவ்வளவு பெரிது.

இன்று ஆளில்லா ட்ரோன் கருவிகள் வந்துவிட்டன. சிறுவரும் அதனை வாங்கிப் பறக்கவிட ஆசைப்படுகின்றனர். ஆசை குற்றமன்று. ஆயின், விமானங்களும் ஹெலிகொப்டர்களும் செல்லும் வழியிலே அதனைச் செலுத்துதல் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உள்ளன. பெற்றோர் அவற்றை அறிந்த பின்னரே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தல் நன்று.

வினா ஒன்று, பயன் பல

மடுல்சீமையிலே பிறந்த அந்தச் சிறு வினா, எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். எடுத்தவர் எங்கே நின்றார்? எவ்வளவு தூரத்தில்? யாருடைய செலவில்? எதற்காக? திருமணப் படத்திலே குடும்பத்தார் அனைவரும் இருப்பர். எடுத்தவர் மட்டும் இருக்கமாட்டார். பத்திரிகையில் வெள்ளத்தின் படம் வந்தால், அந்த வெள்ளத்திலே இறங்கி நின்ற ஒருவர் அதற்குப் பின்னே இருக்கின்றார். அவரை ஒரு கணம் நினைத்தால், படத்தைப் பார்க்கும் கண்ணில் ஒரு பணிவு பிறக்கும்.

இக்காலத்தில் இவ்வினாவுக்கு இன்னொரு தேவையும் ஏற்பட்டுள்ளது. கணினியே வரைந்துதரும் விமானங்கள், கணினியே உண்டாக்கும் போர்கள், கணினியே புனையும் முகங்கள் நம் கைத்தொலைபேசியில் நாள்தோறும் வந்து குவிகின்றன. அவற்றைப் பார்த்து, “இதனை எடுத்தவர் எங்கே நின்றார்?” என்று கேளுங்கள். சில படங்களுக்கு, எவரும் எங்கும் நிற்கவில்லை என்பதே விடையாகும். அவ்விடையை உணர்ந்தவன் எளிதில் ஏமாறான். பாடப்புத்தகம் முழுவதையும் மனப்பாடஞ் செய்த மாணவனிலும், இவ்வொரு வினாவைக் கேட்கப் பழகிய மாணவன் இன்றைய உலகத்துக்கு அதிகம் ஆயத்தமானவன் என்பது என் துணிபு.

அடுத்த முறை வீட்டார் அனைவரும் கூடியிருந்து ஒரு விமானப் படத்தைப் பார்க்கும்போது, சிறுவர் இவற்றைக் கவனிப்பார்களாக. பின்னே மேகம் ஓடுகின்றதா? சுழல்விசிறி எத்திசையிற் சுழல்கின்றது? நிழல் எப்பக்கம் விழுகின்றது? கமரா விமானம் மேலே இருந்ததா, பக்கத்தில் இருந்ததா? கண்டதைத் தாய்தந்தையருக்குக் கூறுவார்களாக. படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், இறுதியிலே சிறிய எழுத்தில் ஓடும் பெயர்களையும் பொறுத்திருந்து பார்ப்பார்களாக. வான்காட்சிகளைப் பறந்து எடுத்தவர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.